இறுதி ஊதல் ஒலிக்கும் வரை

கால்பந்தாட்டம் 90 நிமிடங்களுக்குரியது என்பது விதி. அந்த 90 நிமிடங்களும் ஆடுவோருக்கு மட்டும் உரியனவா, காண்போருக்கும் உரியனவா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. களத்தில் ஆடுவோர் 22 பேர். சுற்றியிருந்து காண்போர் சில வேளைகளில் 50,000 பேர்; சில வேளைகளில் 80,000 பேர். ஆடுவோருள் ஒருவர் 80 ஆம் நிமிடத்தில், தோல்வி உறுதியாகிவிட்டது, இனி இங்கு எனக்கு வேலையில்லை என்று களத்தை விட்டு நடந்தால் உலகம் அவரைத் தூற்றும். காண்போருள் பல்லாயிரவர் அதே செயலைச் செய்யும்போது உலகம் ஒன்றும் சொல்வதில்லை. அவர்கள் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவர்கள். விரும்பியபோது வருவர், விரும்பியபோது போவர் என்று அமைதி கொள்கிறது. இந்த அமைதி முறையானதுதானா என்று எண்ணிப் பார்த்தல் நன்று.

நம் மாணவர்கள் பலர் நள்ளிரவிலும் கண்விழித்திருந்து இங்கிலாந்து நாட்டு ஆட்டங்களைத் தொலைக்காட்சியில் காண்கின்றனர். எந்த ஆட்டக்காரர் எந்தக் கழகத்திற்கு எத்தனை கோடிக்கு மாறினார் என்பதை விரல்நுனியில் வைத்திருக்கின்றனர். அவர்கள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கக்கூடும். ஆட்டம் முடியப் பத்து நிமிடங்கள் இருக்கையிலேயே அரங்கின் இருக்கைகள் சிவப்பாகவும் நீலமாகவும் வெறுமையாய்த் தெரியத் தொடங்கும். படிகளில் மனிதர்கள் வரிசையாக ஏறி வெளியேறுவர். பந்து இன்னும் உருண்டுகொண்டிருக்கும். அந்தக் காட்சிக்குப் பின்னே ஒரு வரலாறும் ஒரு வழக்கும் உள்ளன.

ஆன்ஃபீல்டில் ஒரு மாலை

2015 நவம்பர் 8 ஆம் நாள். லிவர்பூல் கழகத்தின் ஆன்ஃபீல்டு அரங்கில் அக்கழகமும் கிறிஸ்டல் பேலஸ் கழகமும் மோதின. ஜெர்மனியிலிருந்து வந்த யூர்கன் குளோப் லிவர்பூலின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று ஒரு திங்களே ஆகியிருந்தது. ஆட்டம் 1–1 என்றிருந்தபோது 82 ஆம் நிமிடத்தில் ஸ்காட் டான் தலையால் முட்டி எதிரணிக்கு இரண்டாவது கோலைப் பெற்றுத் தந்தார். உடனே லிவர்பூலின் ஆர்வலர்கள் கூட்டங்கூட்டமாக எழுந்து வாயில்களை நோக்கி நடந்தனர். ஆட்டம் 1–2 என முடிந்தது. குளோப் அப்பொறுப்பில் கண்ட முதல் தோல்வி அதுவே.

ஆட்டத்திற்குப் பின் செய்தியாளர்களிடம் அவர் பேசியது தோல்வியைப் பற்றி மட்டும் அன்று. அந்தக் கோலுக்குப் பின் திரும்பிப் பார்த்தபோது மக்கள் வெளியேறுவதைக் கண்டதாகவும், அந்நேரத்தில் தாம் தனித்து விடப்பட்டதாக உணர்ந்ததாகவும் அவர் கூறினார். இச்சொல் அந்நகரில் ஆழமாகத் தைத்தது. காரணம் வெளிப்படை. 'யூ வில் நெவர் வாக் அலோன்' என்னும் பாடல் லிவர்பூல் ஆர்வலர்களின் அடையாளம். 1945 இல் அமெரிக்க இசை நாடகம் ஒன்றிற்காக எழுதப்பட்டு, 1963 இல் லிவர்பூல் இசைக்குழு ஒன்றால் புகழ்பெற்று, அன்று முதல் ஆன்ஃபீல்டில் ஒலித்துவரும் பாடல் அது. எவரையும் தனியே நடக்கவிடோம் என்று பாடுகின்ற அரங்கில் ஒரு பயிற்சியாளர் தனிமையை உணர்ந்தார் என்றால், பாட்டுக்கும் செயலுக்கும் இடையே எங்கோ விரிசல் விழுந்துவிட்டது என்பதுதானே பொருள்?

எனினும் குளோப் ஆர்வலர்கள் மீது மட்டும் பழியைச் சுமத்தவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 82 ஆம் நிமிடத்திற்கும் 94 ஆம் நிமிடத்திற்கும் இடையே எத்தனையோ கோல்கள் அடிக்கலாம். இறுதி ஊதலுக்கு ஒரு நிமிடம் முன்புகூட எவரும் எழுந்துபோக இயலாதபடி ஆடுவது எங்கள் பொறுப்பு என்றும் அவர் சேர்த்துச் சொன்னார். கடமை இருபுறத்தும் உள்ளது என்னும் இந்தக் கருத்தே இப்பொருளில் நாம் பற்றிக்கொள்ள வேண்டிய கொழுகொம்பு எனலாம்.

ஐந்து வாரங்கள் கழிந்தன. 2015 டிசம்பர் 13 இல் அதே அரங்கில் வெஸ்ட் பிரோம்விச் ஆல்பியனுக்கு எதிரே லிவர்பூல் 1–2 எனப் பின்தங்கியிருந்தது. இம்முறை கூட்டம் கலையவில்லை. கூடுதல் நேரத்தின் ஆறாம் நிமிடத்தில் டிவோக் ஒரிகி அடித்த பந்து எதிரணியினர் ஒருவர் மீது பட்டுத் திசைமாறி வலைக்குள் புகுந்தது. ஆட்டம் சமனில் முடிந்ததும் குளோப் தம் ஆட்டக்காரர்கள் அனைவரையும் கைகோத்து நிறுத்தி, 'காப்' எனப்படும் ஆர்வலர் மேடையின் முன் அழைத்துச் சென்று வணங்கச் செய்தார். ஒரு சமநிலைக்கு இத்துணைக் கொண்டாட்டமா என்று எள்ளி நகையாடியோர் பலர். அவர்கள் அதனைக் கோலுக்கான கொண்டாட்டமாகக் கருதினர். அது கோலுக்கானது அன்று. இருந்தவர்கள் இருந்தமைக்கான நன்றி.

அடுத்த ஏப்ரல் திங்கள் 14 ஆம் நாள் அந்த நன்றியின் பயன் விளங்கியது. யூரோப்பா லீக் காலிறுதியின் இரண்டாம் ஆட்டத்தில், குளோப் முன்பு பயிற்றுவித்த பொருசியா டார்ட்மண்ட் அணி ஆன்ஃபீல்டுக்கு வந்தது. முதல் ஒன்பது நிமிடங்களிலேயே இரு கோல்கள். 57 ஆம் நிமிடத்தில் டார்ட்மண்ட் 3–1 என முன்னணி. லிவர்பூல் வெல்ல இன்னும் மூன்று கோல்கள் வேண்டும். கூட்டம் இருந்தது, பாடியது. 66 ஆம் நிமிடத்தில் ஒன்று, 78 இல் ஒன்று, கூடுதல் நேரத்தில் டெஜான் லாவ்ரென் தலையால் முட்டிய மற்றொன்று என 4–3 ஆயிற்று. ஐந்து திங்களுக்கு முன் 82 ஆம் நிமிடத்தில் படியேறிய அதே நகரத்து மக்கள்தாம் இவர்களும்.

பன்னிரண்டாம் ஆட்டக்காரர்

கூட்டத்தைப் பன்னிரண்டாம் ஆட்டக்காரர் என்று வழங்குவர். இது வெறும் புகழுரையா, உண்மையா? இதற்கு விடை தேடியோர் உளர். 2002 இல் வெளிவந்த ஆங்கிலேய ஆய்வு ஒன்றில், லிவர்பூலுக்கும் லெஸ்டருக்கும் இடையே நடந்த ஓர் ஆட்டத்தின் ஒளிப்பதிவைத் தகுதிபெற்ற 40 நடுவர்களுக்குக் காட்டினர். ஒரு பகுதியினர் கூட்டத்தின் ஒலியோடும் மற்றவர் ஒலியின்றியும் கண்டனர். ஒலியோடு கண்டவர்கள் சொந்தக் களத்து அணிக்கு எதிராகக் குறைவான தவறுகளையே அறிவித்தனர். கண்கள் கண்டது ஒன்றே, காதுகள் கேட்டது வேறு, தீர்ப்பும் வேறாயிற்று.

2020 இல் கொரோனாப் பெருந்தொற்று இவ்வுண்மையை உலக அளவில் மெய்ப்பித்துக் காட்டியது. அவ்வாண்டு மே 16 இல் ஜெர்மன் லீக்கும், ஜூன் 17 இல் இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் ஆளில்லா அரங்குகளில் மீண்டும் தொடங்கின. பந்தை உதைக்கும் ஓசையும் ஆட்டக்காரர் ஒருவரை ஒருவர் அழைக்கும் குரலும் மட்டுமே கேட்டன. தொலைக்காட்சி நிறுவனங்கள் பதிவுசெய்யப்பட்ட ஆரவாரத்தைச் செயற்கையாகச் சேர்க்க வேண்டியதாயிற்று. சொந்தக் களத்தில் ஆடும் அணிக்கு வழக்கமாகக் கிட்டும் சாதகம் அக்காலத்தில் தேய்ந்ததைப் பல ஆய்வுகள் எடுத்துக்காட்டின. பார்வையாளர் இல்லையேல் ஆட்டம் நடக்கும். ஆனால் அது வேறோர் ஆட்டம் என்பதை அந்த வெற்று இருக்கைகள் கற்பித்தன.

இவ்வாறு கூட்டம் ஆட்டத்தின் ஓர் உறுப்பாயின், ஆட்டம் முடியுமுன் அது கலைவதும் ஆட்டத்தைப் பாதிக்கும். வெறுமையாகும் வரிசைகளைக் களத்தில் நிற்கும் இளைஞர் பார்க்கின்றார். தம் பிழையால் கோல் விழுந்தது என்று நொந்து நிற்பவருக்கு அந்த வரிசைகள் என்ன சொல்லும்? எதிரணிக்கு என்ன சொல்லும்? முன்வரிசையில் ஒருவர் எழுந்தால் பின்வரிசையில் இருவர் எழுவர். நம்பிக்கை ஒட்டுவது போலவே நம்பிக்கையின்மையும் ஒட்டிக்கொள்ளும்.

முன்னரே எழுந்தவர் இழந்தவை

இப்பொருள் பற்றிப் பேசுவோர் தவறாது கூறும் கதைகள் சில உள. 1999 மே 26 ஆம் நாள் பார்சிலோனாவின் கேம்ப் நூ அரங்கில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், ஆறாம் நிமிடத்தில் கோலடித்த பேயர்ன் மியூனிக் 90 நிமிடங்கள் முடிந்தபோதும் 1–0 என முன்னணியில் இருந்தது. ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியத்தின் அன்றைய தலைவர் லெனார்ட் யோஹான்சன் கோப்பையை வழங்குவதற்காகத் தம் இருக்கையை விட்டுக் கீழிறங்கினார். அவர் களத்தை அடைந்தபோது வென்றவர்கள் என்று தாம் எண்ணியவர்கள் அழுதுகொண்டிருந்தனர்; தோற்றவர்கள் என்று எண்ணியவர்கள் ஆடிக்கொண்டிருந்தனர். இடைப்பட்ட சில நிமிடங்களில் மான்செஸ்டர் யுனைடெட் அணிக்காக டெடி ஷெரிங்ஹாமும் ஒலே குன்னார் சோல்சியாரும் இரு கோல்களை அடித்து முடித்திருந்தனர். கடமையின் பொருட்டு எழுந்தவருக்கே இக்கதி என்றால் சோர்வின் பொருட்டு எழுந்தவர்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

2012 மே 13 இல் மான்செஸ்டர் சிட்டி 44 ஆண்டுகளுக்குப் பின் லீக் பட்டம் வெல்லும் வாய்ப்போடு குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் அணியை எதிர்கொண்டது. 90 நிமிடங்கள் முடிந்தபோது 1–2 எனப் பின்தங்கியிருந்தது. ஆர்வலர் சிலர் கண்ணீரோடு அரங்கை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தனர். கூடுதல் நேரத்தில் எடின் ஜெக்கோ ஒரு கோல் அடித்தார். 94 ஆம் நிமிடம் ஓடிக்கொண்டிருக்கையில் செர்ஜியோ அகுவேரோ மற்றொன்று அடித்தார். 44 ஆண்டுகள் காத்திருந்தவர்களுள் சிலரால் இன்னும் ஐந்து நிமிடங்கள் காத்திருக்க இயலாமற்போயிற்று.

கத்தாரில் 2022 டிசம்பர் 18 இல் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டமும் இவ்வகையினதே. 79 நிமிடங்கள் வரை அர்ஜென்டினா 2–0. பிரான்சு நாட்டுக் கிலியன் எம்பாப்பே 80, 81 ஆம் நிமிடங்களில் அடுத்தடுத்து அடித்த இரு கோல்கள் அனைத்தையும் புரட்டிப்போட்டன. முடிவில் 3–3 எனச் சமனாகி, தண்ட உதைகளில் 4–2 என்று அர்ஜென்டினா வென்றது.

ஆயினும் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இக்கதைகளைக் காட்டி, பார், எழுந்துபோனால் இழந்துவிடுவாய் என்று அச்சுறுத்துவது வலுவான வாதம் ஆகாது. பெரும்பாலான ஆட்டங்களில் 80 ஆம் நிமிடத்தில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி தோற்றே முடிகின்றது. முன்னரே சென்றவர் எதையும் இழக்காமல் நெரிசலின்றி வீடு சேர்கின்றார். இலாப நட்டக் கணக்குப் பார்த்தால் அவர் செய்தது அறிவுடைச் செயலாகவே தோன்றும். ஆனால் துணைநிற்றல் என்பது இலாப நட்டக் கணக்கில் அடங்குவதன்று. நோயுற்ற நண்பனைக் காணச் செல்வோர், அவன் இன்று எழுந்து நடப்பானா என்று கணக்கிட்டுச் செல்வதில்லை. அதிசயம் நிகழும் என்பதற்காக இறுதிவரை இருப்பவர் பரிசுச்சீட்டு வாங்குபவரைப் போன்றவர். அதிசயம் நிகழாது என்று தெரிந்தும் இருப்பவரே ஆர்வலர்.

எழுந்து செல்வோர் அனைவரும் குற்றவாளிகளா?

இவ்வாறு கூறுவதால், முன்னரே எழுவோர் எல்லாரையும் குற்றக்கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. அவர்களுள் கடைசித் தொடர்வண்டியைப் பிடிக்க வேண்டிய தொழிலாளி இருப்பார். உறங்கிவிழும் பிள்ளையைத் தோளில் சுமந்த தந்தை இருப்பார். நெரிசலில் சிக்கினால் மூச்சுத்திணறும் முதியவர் இருப்பார். ஆட்ட நேரங்கள் இன்று ஆர்வலர்களின் வசதியைக் கருதி அமைவன அல்ல. 1992 இல் பிரீமியர் லீக் தோன்றிய காலந்தொட்டுத் தொலைக்காட்சி நிறுவனங்களின் பணமே நாளையும் நேரத்தையும் பெரிதும் தீர்மானிக்கின்றது. சனிக்கிழமை பிற்பகல் என்றிருந்த வழக்கம் சிதறி, ஞாயிறு மாலை என்றும் திங்கள் இரவு என்றும் ஆயிற்று. தொலைவிலுள்ள நகரிலிருந்து வந்தவர் திங்கள் இரவு 10 மணிக்கு எந்த வண்டியில் ஊர் திரும்புவார்?

2022 நவம்பர் 20 இல் கத்தார் உலகக்கோப்பையின் தொடக்க ஆட்டத்தில், போட்டியை நடத்தும் நாடே ஈக்வடாரிடம் 0–2 எனத் தோற்றபோது, இடைவேளைக்குப் பின் அல் பைத் அரங்கின் பல இருக்கைகள் வெறுமையாய்க் கிடந்ததை உலகம் கண்டு நகைத்தது. அரங்கு தோகா நகருக்கு வெளியே, அல் கோரில் இருந்தது என்பதை நகைத்தோர் பலர் எண்ணவில்லை. முதற்பாதியிலேயே ஆட்டத்தின் போக்குத் தெரிந்துவிட்டது. திரும்பும் வழியோ நீண்டது. மேலும் அவ்வுலகக்கோப்பையில், வீணான நேரத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுச் சேர்க்குமாறு நடுவர்கள் பணிக்கப்பட்டனர். மறுநாள் நடந்த இங்கிலாந்து – ஈரான் ஆட்டத்தின் முதற்பாதியில் மட்டும் 14 நிமிடங்கள் சேர்க்கப்பட்டன. ஆட்டம் நீள நீள, ஊர் திரும்ப வேண்டியவரின் இக்கட்டும் நீளும்.

அரங்கின் சூழல் மாறியதற்கு மற்றுமொரு துயரப் பின்னணி உண்டு. 1989 ஏப்ரல் 15 இல் ஷெஃபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ அரங்கில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி லிவர்பூல் ஆர்வலர்கள் 97 பேர் உயிரிழந்தனர். நீதியரசர் டெய்லர் 1990 சனவரியில் அளித்த இறுதி அறிக்கையின்படி, நின்று காணும் மேடைகள் பெரிய அரங்குகளிலிருந்து அகற்றப்பட்டு அனைத்தும் இருக்கைகள் ஆயின. லிவர்பூலின் 'காப்' மேடையில் மக்கள் நின்று கண்ட கடைசி ஆட்டம் 1994 ஏப்ரல் 30 இல் நடைபெற்றது. உயிர்ப் பாதுகாப்பின் பொருட்டு வந்த இம்மாற்றத்தைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. ஆனால் நின்று கண்ட எளியோர் கொடுக்கக்கூடிய அளவிலேயே மலிவான இருக்கைகளின் விலையை அமைக்க இயலும் என்று அதே அறிக்கை கூறியிருந்ததைக் கழகங்கள் மறந்தன. விலைவாசியைவிட விரைவாகச் சீட்டின் விலை ஏறியது. துறைமுகத் தொழிலாளியின் மகன் வெளியே நின்றான். நிறுவனங்களின் விருந்தினர் உள்ளே அமர்ந்தனர். 2000 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அணித்தலைவர் ராய் கீன், சிற்றுண்டியிலும் மதுவிலும் கருத்தைச் செலுத்தும் சிலருக்குக் களத்தில் நடப்பது புரிவதே இல்லை என்று சொந்த அரங்கின் பார்வையாளர்களையே சாடியது இதனால்தான்.

இவ்வாறு ஆர்வலர் என்பவர் சிறிது சிறிதாக வாடிக்கையாளர் ஆக்கப்பட்டார். வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு, உறவு இல்லை. பொருள் பிடிக்கவில்லையெனில் கடையை விட்டு வெளியேறுவார். ஆண்டுதோறும் அவரை வாடிக்கையாளராக நடத்திவிட்டு, தோற்கும் நாளில் மட்டும் அவர் உறவினராக நடந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது கழகங்களின் பேதைமை அன்றோ?

மாற்றுவழி இல்லாமல் இல்லை. ஜெர்மனியில், சில விலக்குகள் தவிர, கழகத்தின் வாக்குரிமையில் பெரும்பான்மை உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. டார்ட்மண்ட் அரங்கின் தென்புற மேடையில் ஏறத்தாழ 25,000 பேர் நின்றவாறே ஆட்டத்தைக் காண்கின்றனர்; மஞ்சள் சுவர் என்று அது பெயர் பெற்றுள்ளது. பல ஜெர்மன் கழகங்களின் நுழைவுச்சீட்டே அன்றைய உள்ளூர்ப் பேருந்துக்கும் தொடர்வண்டிக்கும் பயணச்சீட்டாகப் பயன்படுகின்றது. இங்கிலாந்திலும் 2022 சனவரி முதல் பாதுகாப்பான கம்பித் தடுப்புகளோடு நின்று காணும் முறை சில அரங்குகளில் மீண்டும் இசைவு பெற்றது. உறவினராக மதிக்கப்படுபவர் உறவினராக நடந்துகொள்வார்.

77 ஆம் நிமிடம்

முன்னரே எழுந்து செல்வது பற்றிய எந்தப் பேச்சும் 2016 பிப்ரவரி 6 ஆம் நாளை விட்டுவிட்டு நிறைவடையாது. லிவர்பூல் கழகம் புதிதாக எழுப்பிய மேடையில் உயர்ந்த சீட்டின் விலை 77 பவுண்டாக இருக்கும் என்று அறிவித்திருந்தது. அன்று சண்டர்லாந்துக்கு எதிரான ஆட்டம். லிவர்பூல் 2–0 என முன்னணியில் இருந்தது. 77 ஆம் நிமிடம் வந்ததும் ஏறத்தாழ 10,000 பேர் ஒருசேர எழுந்து வெளியேறினர். தம் அணி வென்றுகொண்டிருக்கும்போது வெளியேறினர். அவர்கள் சென்ற பின் சண்டர்லாந்து 82, 89 ஆம் நிமிடங்களில் இரு கோல்களை அடித்து ஆட்டத்தைச் சமனாக்கிவிட்டது. கூட்டம் நீங்கியதால்தான் கோல்கள் விழுந்தன என்று உறுதி கூற இயலாது. எனினும் அந்த வெறுமையின் கனத்தை அன்று அனைவரும் உணர்ந்தனர்.

நான்கு நாள்களில், பிப்ரவரி 10 இல், கழக உரிமையாளர்கள் அத்திட்டத்தைக் கைவிட்டு மன்னிப்புக் கோரினர். உயர்ந்த விலை 59 பவுண்டிலேயே நிறுத்தப்பட்டது. அடுத்த மாதம் பிரீமியர் லீக் கழகங்கள் அனைத்தும், வெளியூர் ஆர்வலருக்கான சீட்டு 30 பவுண்டுக்கு மேற்படலாகாது என்று முடிவு செய்தன.

நவம்பரில் 82 ஆம் நிமிடத்தில் எழுந்தவர்களும் பிப்ரவரியில் 77 ஆம் நிமிடத்தில் எழுந்தவர்களும் ஒரே அரங்கினர். வெளித்தோற்றத்தில் இரு செயல்களும் ஒன்றே. ஆனால் முன்னவர் தமக்காக எழுந்தனர். பின்னவர் அன்று அரங்கிற்குள் வர இயலாதவர்களுக்காகவும் எழுந்தனர். முன்னவர் அணியைக் கைவிட்டனர். பின்னவர் அணியைத் தம்மிடமிருந்து பிரிக்க முனைந்தோரைத் தடுத்தனர். ஆகவே எழுந்து செல்வது குற்றமா என்று பொதுப்படக் கேட்பதில் பயனில்லை. எதற்காக, யாருக்காக எழுந்தாய் என்று கேட்பதே தக்கது. எப்போதும் இருப்பவன் ஒருநாள் எழுந்தால்தான் அந்த எழுச்சிக்குப் பொருள் உண்டு. நாள்தோறும் பாதியில் போகிறவன் ஒருநாள் எதிர்ப்புக் காட்டி வெளியேறினால் அதனை யார் அறிவார்?

தோல்வியிலும் இருந்தோர்

2005 மே 25 இல் இஸ்தான்புல் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் இடைவேளையில் ஏ.சி. மிலான் 3–0 என முன்னணியில் இருந்தது. தொலைநாட்டிலிருந்து வந்திருந்த லிவர்பூல் ஆர்வலர்கள் அவ்விடைவேளையில் எழுந்து போகவில்லை. தம் பாடலைப் பாடினர். இரண்டாம் பாதியில் ஆறே நிமிட இடைவெளியில் மூன்று கோல்கள் திரும்பின. தண்ட உதைகளில் லிவர்பூல் வென்றது.

வெற்றியில் முடிந்த கதை அது. தோல்வியில் முடிந்த கதைகள் இன்னும் உயர்ந்தவை. 2014 ஜூலை 8 இல் பெலோ ஒரிசோந்தே நகரில் ஜெர்மனி 29 நிமிடங்களில் ஐந்து கோல்கள் அடித்து, முடிவில் 7–1 எனப் பிரேசிலை வீழ்த்தியபோது, இடைவேளைக்கு முன்பே வெளியேறிய பிரேசில் மக்கள் உண்டு. இருந்தவர்களுள் பலர் எதிரணியின் ஆட்டத்திறனுக்கு எழுந்து நின்று கைதட்டினர். தம் நெஞ்சு பிளந்த வேளையில் பிறர் திறனைப் போற்றும் பண்பு, இறுதிவரை இருந்தோர்க்கே வாய்த்தது.

2018 ஜூலை 2 இல் உருசியாவின் ரொஸ்தோவ் நகரில் சப்பான் அணி பெல்ஜியத்திற்கு எதிரே 2–0 என முன்னணி பெற்று, பின் அதனை இழந்து, 94 ஆம் நிமிடத்தில் விழுந்த கோலால் 2–3 எனத் தோற்றது. உலகக்கோப்பையை விட்டே வெளியேறிய அந்த இரவில், கண்ணீர் காயாத சப்பானிய ஆர்வலர்கள் தாம் அமர்ந்திருந்த பகுதியின் குப்பைகளைப் பைகளில் திரட்டித் தூய்மை செய்த பின்னரே அரங்கை விட்டு நீங்கினர். ஆட்டம் முடிந்த பின்னும் தமக்குக் கடமை எஞ்சியிருப்பதாக அவர்கள் எண்ணினர். அரங்கு தமக்கு வாடகைக்கு விடப்பட்ட இடம் என்று கருதுபவர் இவ்வாறு செய்வதில்லை. அது தம் வீடு என்று கருதுபவரே செய்வர்.

முடிவாக

மேற்கண்டவற்றால் தெளிவாகுவன இவை. அரங்கின் சூழல் என்பது விலைகொடுத்து வாங்கும் பொருளன்று. அங்குக் கூடுவோர் தம் இருப்பால் உண்டாக்குவது. அதனை உண்டாக்குவோரை விலையாலும் நேரத்தாலும் விரட்டிவிட்டு, பின்பு சூழல் இல்லையே என்று கழகங்கள் வருந்துவதில் பொருளில்லை. சீட்டு விலையைக் குறைப்பதும், ஆட்டநேரத்தை ஊர் திரும்பும் வசதியோடு பொருத்துவதும், முதியோருக்கும் குழந்தைகளுக்கும் நெரிசலற்ற வழி அமைப்பதும் அவர்கள் கடன். இவை செய்யப்பட்ட பின்னும், தோற்கிறது என்ற ஒரே காரணத்தால் எழுபவர் தம்மை ஆர்வலர் என்று அழைத்துக்கொள்ளும் உரிமையை அந்த நாளுக்கேனும் இழக்கின்றார்.

இளைஞர்களே! உங்களுள் பெரும்பாலோர் ஆன்ஃபீல்டையோ டார்ட்மண்டையோ நேரில் காணாமலே அவற்றின்மேல் அன்பு கொண்டவர்கள். தொலைக்காட்சியில் அலைவரிசையை மாற்றும் பொத்தானும் ஒருவகை வாயில்தான். தோற்கும்போது அதனை அழுத்தாதிருப்பதும் ஒரு பயிற்சி. களத்திலும் கல்வியிலும் பொதுவாழ்விலும் வெற்றி பெறுவோரைச் சூழக் கூட்டம் தானே சேரும். அதற்குப் பண்பு எதுவும் தேவையில்லை. 82 ஆம் நிமிடத்தில் ஒரு கோல் பின்தங்கி நிற்பவன் திரும்பிப் பார்க்கும்போது, இருக்கையில் இருப்பவர் யார் என்பதே கேள்வி. அந்த ஒருவராக இருக்கப் பழகுங்கள். நடுவர் ஊதிய பின் எழுந்து, ஆடிய இரு அணிகளுக்கும் கைதட்டிவிட்டு, அமைதியாக வீடு திரும்புங்கள்.